தாலிக்கு ஒரு ரீடேக்

மூன்றாவது முடிச்சும் விழுந்துவிட்டது. என் நாத்தனாரின் விரல் நுனி பிடரியில் பட்டு விலகியது சில்லென்று இருந்தது. கெட்டி மேளம் இன்னும் ஓயவில்லை. அட்சதை ஒன்று ரவிக்கைக்குள் விழுந்து உறுத்திக்கொண்டிருந்தது. மாலை கனத்தது. பனி இறங்கியதில் கோயில் தூண்கூடக் கண்ணுக்குச் சரியாகத் தெரியவில்லை.

அப்போது கோயில் வாசலில், மூன்று கால் வைத்த மரப்பெட்டிக்குப் பின்னால் நின்ற வெள்ளைக்காரர் இடது கையை உயர்த்தினார். ஒரே ஒரு வார்த்தை கத்தினார்.

"ரீடேக்!"

மேளம் நின்றுவிட்டது. எனக்குக் கல்யாணம் ஆகி ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

இன்றைக்குச் சினிமாப் பத்திரிகைகளில் அந்த வார்த்தையைத் தயிர்சாதம் மாதிரி அள்ளி அள்ளிப் போடுகிறார்கள். "அந்தக் காட்சிக்கு எட்டு ரீடேக் எடுத்தோம்" என்று நடிகை சிரித்துக்கொண்டே சொல்கிறாள். சிரிப்பாம் சிரிப்பு! ஒன்றே ஒன்றுக்கு நான் பட்ட பாடு எனக்குத்தானே தெரியும்.

லுணுகலையிலிருந்து வந்த கடிதம்

சென்ற வாரம் இந்தப் பத்திரிகையில் நான் எழுதிய, பசறைச் சந்தையில் மாடு விரட்டி நான் பாக்கு மூட்டைக்குள் விழுந்த கதையைப் படித்துவிட்டு லுணுகலையிலிருந்து ஒரு தம்பி கடிதம் போட்டிருக்கிறார். நல்ல எழுத்து. மரியாதையான ஆரம்பம். கடைசியில்தான் போட்டாரே ஒரு போடு!

"அம்மா, நீங்கள் நெடுங்கல் தோட்டத்து ரீடேக்கு வேலாயுதத்தின் சம்சாரம்தானே? தாலியைக் கையில் பிடித்துக்கொண்டு துரையையே விரட்டிய பொன்னம்மாள் நீங்கள்தானே? எங்கள் அப்பா அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அதை எழுதுங்களேன்."

படித்ததும் பகீரென்றது. என் வீட்டுக்காரர் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. ஆள் போய்விட்டார், அந்தப் பெயர் மட்டும் போகவில்லையா? தோட்டத்தைத் தாண்டி, மலையைத் தாண்டி, லுணுகலையில் உட்கார்ந்து இன்னும் சிரிக்கிறார்களா?

சரி, எழுதுகிறேன் தம்பி. ஆனால் உங்கள் அப்பா சொன்ன கதையும் நான் சொல்லப்போகும் கதையும் ஒன்றாக இருக்காது. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. நான் சொல்லச் சொல்ல எழுதுகிற என் மகளுக்கும் தெரியாது. கை நடுக்கத்தால் எனக்கு எழுத முடிவதில்லை. அவள் பதுளையில் டீச்சர். என் கோபத்தில் பாதியைத் திருத்துகிறேன் என்று அடித்துவிடுகிறாள் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. இந்த வாரம் ஒரு வார்த்தையும் குறையக்கூடாது என்று சொல்லித்தான் உட்கார வைத்திருக்கிறேன்.

பெட்டித் துரை

முதல் யுத்தம் முடிந்து, அந்தப் பாழாய்ப்போன விஷக் காய்ச்சலும் வந்து போன பிறகு சில வருஷம். எனக்குப் பதினேழோ பதினெட்டோ. நெடுங்கல் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தேன். அப்பா அங்கே சில்லறைக் கங்காணி. இருபது பேருக்கு மேற்பார்வை பார்ப்பார், வீட்டில் அம்மாவுக்குப் பயப்படுவார்.

தோட்டத்தைப் பார்த்துக்கொண்ட பெரிய துரையின் பங்களாவுக்குச் சீமையிலிருந்து ஒரு சிநேகிதர் வந்தார். தேயிலை எப்படி விளைகிறது என்று அங்கே உள்ளவர்களுக்குக் காட்ட ஓடும் படம் எடுக்கிறாராம். கூடவே ஒரு மரப்பெட்டி. பக்கத்தில் ஒரு கைப்பிடி. அதைச் சுற்றினால் கடகடவென்று சத்தம். நாங்கள் அவருக்குப் பெட்டித் துரை என்று பெயர் வைத்துவிட்டோம்.

முதல் நாள் எங்கள் பதினைந்து பெண்களைப் பத்தாம் நம்பர் மலைக்குக் கூட்டிப் போனார்கள். கூடையைத் தலையில் மாட்டி, கொழுந்தை எடுத்துப் போட்டுக்கொண்டே மேலே ஏற வேண்டும். ஏறினோம். பெட்டித் துரை கையைத் தூக்கி, "ரீடேக்!" என்றார்.

கணக்கப்பிள்ளை ஐயா, தோட்டத்தில் இங்கிலீஷ் தெரிந்தவர், மொழிபெயர்த்தார். "இப்ப ஏறுனது சரியா விழல. ஏறவே இல்லன்னு வச்சுக்கிட்டுக் கீழ இறங்கி மறுபடி ஏறணுமாம்."

"ஏறவே இல்லன்னு வச்சுக்கிறதா? என் முழங்கால்ல போயிக் கேக்கச் சொல்லுங்க ஐயா!" என்று எங்களில் ஒருத்தி சொன்னாள். சிரித்துக்கொண்டே இறங்கினோம்.

அன்றைக்கு நாலு தடவை ஏறினோம். ஒவ்வொரு தடவையும் கூடையைக் கவிழ்த்து, எடுத்த கொழுந்தைச் செடி மேலேயே தூவி, அதையே மறுபடி பொறுக்கினோம். மூன்றாவது தடவை அவர் கையைத் தூக்கியதுமே நாங்களாகவே கூடையைக் கவிழ்த்துவிட்டோம். கணக்கப்பிள்ளை வாயைத் திறக்கவே வேலை இல்லை.

அந்த வார்த்தைக்கு அர்த்தம் அவ்வளவுதான். எடுத்த காட்சி படத்தில் ஒழுங்காக விழாவிட்டால் அதை ஒதுக்கிவிட்டு, அதே காட்சியை முதலிலிருந்து மறுபடி எடுப்பது. நடிக்கிறவர்களுக்கு அது பழக்கம். நடந்ததை நடக்காததாக வைத்துக்கொள்ள அவர்களுக்குச் சம்பளம்.

எங்களுக்கும் அது ஒன்றும் புதிதில்லை, யோசித்துப் பார்த்தால். கொழுந்தோடு முற்றல் இலை கலந்திருந்தால் கங்காணி கூடையைத் தரையில் கவிழ்ப்பார். "பொறுக்கு திரும்ப." புல் சரியாக வெட்டவில்லையா? "வெட்டு திரும்ப." கவ்வாத்து மலையில், அதாவது தேயிலைச் செடியைக் கத்தியால் மட்டம் செய்கிற இடத்தில், வெட்டு கொஞ்சம் சிலும்பியிருந்தாலும் பெரிய துரை பிரம்பால் காட்டுவார். "திரும்ப." ஏன் எதற்கு என்று யாரும் கேட்டதில்லை. சொல் காதில் விழும் முன்னே கை வேலையை ஆரம்பித்திருக்கும்.

எனக்குப் பேசியிருந்த மாப்பிள்ளை வேலாயுதம் அந்தக் கவ்வாத்து மலை ஆள்தான். நல்ல வெட்டுக்காரர். அதிகம் பேசமாட்டார். அதுவரை நானும் அவரும் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை.

முகூர்த்தமும் வெயிலும்

கல்யாண விஷயம் எப்படியோ பங்களாவுக்குப் போய்விட்டது. அந்தக் கல்யாணத்தையும் பெட்டிக்குள் பிடிக்க வேண்டும் என்று பெட்டித் துரைக்கு ஆசை. பெரிய துரை அப்பாவைக் கூப்பிட்டு அனுப்பினார். அப்பா தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு போனார், திரும்பி வரும்போது நாலு அங்குலம் வளர்ந்திருந்தார்.

"தோட்டம் முழுக்க அரை நாள் லீவாம்! எம் மக கலியாணத்துக்கு லீவு!" என்று லயத்து வாசலில் நின்று சொன்னார். எங்கள் வரிசை வீடுகள் பத்தும் வெளியே வந்து நின்று கேட்டன.

அம்மா மட்டும், "அந்தப் பெட்டி தாலியப் பாக்கலாமா? கண்ணு பட்ருமா?" என்று கேட்டாள்.

"பெட்டிக்கு ஏதுடி கண்ணு?"

"அப்ப எப்படிப் பாக்குது?"

அப்பா கோபித்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

தகராறு நேரத்தில் வந்தது. பெட்டித் துரைக்கு உச்சி வெயில் வேண்டும். எங்கள் பூசாரி காலை ஏழரைக்குள் முகூர்த்தம் என்று குறித்திருந்தார். தோட்டத்து மாரியம்மன் கோயில் பள்ளத்தில் இருக்கிறது. அந்த மாசத்தில் ஏழரைக்கு அங்கே பனிதான் சாமி கும்பிட வரும். அப்பா முதல் தடவையாகத் துரைக்கு இல்லை என்று சொன்னார். "நேரம் மட்டும் மாத்த முடியாதுங்க தொரை" என்றாராம். பெரிய துரை சிரித்துக்கொண்டே சரி என்றாராம். அப்பா அந்தச் சிரிப்பை நம்பினார்.

ஹாலிஎலவிலிருந்து மேளம் வந்தது. பதுளைக் கடைவீதியில் எடுத்த கூறைப் புடவை, அரக்குச் சிவப்பு, புதுச் சேலை வாசனை மூக்கைத் துளைத்தது. மாங்கல்யத்தைக் கோத்த மஞ்சள் கயிறு இன்னும் ஈரமாக இருந்தது.

வேலாயுதம் கட்டினார். முதல் முடிச்சு அவர் போட, மற்ற இரண்டையும் நாத்தனார் போட்டார். கட்டும்போது அவர் கை என் தோளில் இடித்தது. கெட்டி மேளம். அட்சதை.

அப்போதுதான், பாருங்கள், சனியன் பிடித்த வெயில் வந்தது! பனி அப்படியே விலகியது. கோயில் முற்றம் பளிச்சென்று வெளுத்தது. முடிச்சு விழும் வரை எட்டிப் பார்க்காத சூரியன் விழுந்த பிறகு வந்து நிற்கிறான்.

பெட்டித் துரை விடுவாரா? ஒரு கையால் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே மறு கையைத் தூக்கினார்.

கட்டின கை

இனி வருவதை நான் ஏழு வருஷம் எப்படிச் சொல்லி வந்தேனோ அப்படியே முதலில் சொல்கிறேன்.

"ரீடேக்!" என்றார். மலை ஏறினதை ஏறவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். தாலி ஏறினதை எப்படி? மறுபடி கட்ட வேண்டுமென்றால் முதலில் கழற்ற வேண்டும். எங்கள் சனத்தில் ஒரு பெண்ணின் கழுத்திலிருந்து தாலி கழல்கிற நாள் ஒன்றுதான் உண்டு. அந்த நாளில் அவள் பக்கத்தில் புருஷன் உட்கார்ந்திருக்க மாட்டான்.

நான் சிலையாக உட்கார்ந்திருந்தேன். தலை அசையவில்லை, விரல் அசையவில்லை.

பெரிய துரை முன்னால் வந்தார். அவருக்கு வேலைக்குத் தேவையான அளவுக்குத் தமிழ் தெரியும். கவ்வாத்து மலையில் பேசுகிற அதே குரலில் சொன்னார்.

"வேலாயுதம்! கழட்டு. திரும்ப கட்டு. நல்லா கட்டு."

என் அப்பா வாயைத் திறந்தார், மூடினார். துரைக்கு எதிராகப் பேசினால் வேலையிலிருந்து நீக்கிப் பற்றுச்சீட்டைக் கையில் கொடுத்து, சட்டி பானையோடு தோட்டத்தை விட்டே அனுப்பிவிடுவார். அப்படி அனுப்பப்பட்ட குடும்பங்கள் பசறை ரோட்டில் நடந்து போனதை எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

அப்போது ஒரு கை என் பிடரிக்கு வந்தது. காய்த்துப்போன, கத்தி பிடித்த கை. முடிச்சைத் தொட்டது.

யாருடைய கை? கட்டின கை! தாலி கட்டி ஒரு நிமிஷம் ஆகாத என் புருஷனின் கை!

அந்த மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, பெருவிரலுக்குக் கீழே நறுக்கென்று கடித்துவிட்டேன். எழுந்து நின்றேன். தாலியை முஷ்டிக்குள் இறுக்கிக்கொண்டேன்.

"எடுங்க கையை! இது என்ன கவ்வாத்து மலையா? என் கழுத்து! வேணும்னா கழுத்தோட வெட்டி எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லுங்க அந்தத் தொரைய!"

என் புருஷனிடம் நான் முதன்முதலாகப் பேசிய பேச்சு அதுதான்.

ஆத்தா வந்த கதை

பெரிய துரைக்கு நான் பேசின வேகம் புரியவில்லை. கணக்கப்பிள்ளையைப் பார்த்தார். அந்த மனிதரின் முகம் வெளிறிப் போயிருந்தது. ஆனால் மூளை வேலை செய்தது, புண்ணியவான். இங்கிலீஷில் கையை ஆட்டி ஆட்டி என்னவோ சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, உதட்டை அசைக்காமல் சொன்னார்.

"மாரியாத்தா உம்மேல வந்துட்டான்னு சொல்லிட்டேன். ஆடு புள்ள."

"என்னது?"

"ஆடுறதுன்னா இப்ப ஆடு! இல்லாட்டி எல்லாரும் தெருவுலதான்!"

எனக்கு அதுவரை சாமி வந்ததே இல்லை. எப்படி ஆடுவது என்றும் தெரியாது. கண்ணை உருட்டிக்கொண்டு இப்படியும் அப்படியும் அசைந்தேன். முஷ்டியை மட்டும் விடவில்லை. பெண்கள் புரிந்துகொண்டார்கள். ஒருத்தி குலவை போட்டாள், ஒருத்தி வேப்பங்கொத்தை ஒடித்துக்கொண்டு ஓடி வந்தாள். உண்மையிலேயே இரண்டு பேருக்கு அங்கே சாமி வந்துவிட்டது. பெரிய துரை தொப்பியைக் கழற்றிக்கொண்டு நாலு அடி பின்னால் போனார்.

பெட்டித் துரைக்கு மட்டும் மனசு ஆறவில்லை. வெயில் வீணாகிறதே!

அவர் வருத்தத்தைத் தீர்த்தது என் தாய்மாமன் மாரிமுத்து. மாசி மாசம் எங்கள் தோட்டத்தில் காமன் கூத்து நடக்கும்போது ரதி வேஷம் கட்டுகிறவர். காமனுக்கும் ரதிக்கும் கல்யாணம் நடக்கும், காமன் எரிந்துபோவான், ரதி ஒப்பாரி வைப்பாள். மாமா மீசையைத் தடவிக்கொண்டு முன்னால் வந்தார்.

"எனக்குத்தான் வருசா வருசம் தாலி ஏறி எறங்குது. இன்னொண்ணு ஏறுனா என்ன கொறஞ்சு போயிரும்? ஒரு சேலையக் கொண்டாங்க."

யாருடைய சேலையையோ சுற்றி, முக்காட்டை மூக்கு வரை இழுத்துவிட்டு, மாமா மணையில் உட்கார்ந்தார். கடித்த இடத்தில் இரத்தம் கசிய, என் புருஷன் ஒரு வெறும் மஞ்சள் கயிற்றை மாமா கழுத்தில் கட்டினார். பெட்டித் துரைக்கு ரொம்பத் திருப்தி. சீமையில் எத்தனை ஆயிரம் பேர் என் மாமாவைக் கல்யாணப் பெண் என்று பார்த்தார்களோ, கடவுளே!

ரீடேக்கு வேலாயுதம்

அடுத்த வாரமே பெயர் வந்துவிட்டது. பெரட்டுக் களத்தில், காலையில் எல்லோரும் ஆஜர் கொடுக்க நிற்கிற இடத்தில், எவனோ ஒருத்தன் பின்னாலிருந்து கூப்பிட்டான். "ஏய், ரீடேக்கு!" களமே சிரித்தது. அன்றிலிருந்து என் வீட்டுக்காரருக்கு அதுதான் பெயர்.

எனக்கு வேறு பெயர். நான் தாலியைப் பிடித்த பொன்னி. கல்யாண வீடுகளில் பெண்ணுக்குத் துணையாக என்னை உட்கார வைப்பார்கள். "எப்படிக் கடிச்ச? சொல்லு" என்பார்கள். நானும் சொல்லுவேன். சொல்லச் சொல்லக் கடி பெரிசாகும். துரையின் தொப்பி பறந்து போகும்.

வீட்டிலும் விடவில்லை. குழம்பில் உப்பு கூடிப்போச்சு என்று அவர் சொன்னால் போதும்.

"கட்டின கையாலயே அவுக்க வந்த ஆளு, உப்பப் பத்திப் பேச வந்துட்டீங்களோ?"

அவர் வெற்றிலையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவார். ஒரு நாள், ஒரே ஒரு நாள், "தொரை சொன்னாரு, கை போயிருச்சு" என்றார். நான் அதையும் விடவில்லை. "போகும் போகும்" என்று ஒரு வாரம் அதையே சொல்லிக் காட்டினேன்.

அப்பா காலமானதும் அந்தச் சில்லறைக் கங்காணி வேலை அவருக்கு வந்திருக்க வேண்டும். நல்ல வேலைக்காரர், வம்பு தும்புக்குப் போகாதவர். பெரிய கங்காணி என்ன சொன்னார் தெரியுமா? "பொண்டாட்டி கழுத்தக் காப்பாத்தத் தெரியாதவன் இருபது பேரு கிட்ட எப்படி வேல வாங்குவான்?" வேறொருவருக்குப் போய்விட்டது. அதைக் கேட்டு எனக்குச் சுருக்கென்றது. ஆனால் மறு வாரமே லுணுகலையில் ஒரு கல்யாண வீட்டில் உட்கார்ந்து அதே கதையைச் சொன்னேன். தம்பி, உங்கள் அப்பா கேட்டது அங்கேயாகத்தான் இருக்கும்.

வாட்டு மாடியில்

ஏழு வருஷம் போயிற்று. பெரிய துரை தோட்டத்தை விட்டு நிரந்தரமாகச் சீமைக்குப் புறப்பட்டார். போகும்முன் எங்களுக்கு ஒரு விருந்து மாதிரி, பெட்டித் துரை எடுத்த படத்தைக் காட்டப்போவதாகச் சொன்னார். வேண்டாம் என்று ஒதுக்கிய துண்டுகளையும் ஒட்டி ஞாபகத்துக்காகச் சிநேகிதர் அனுப்பியிருந்தாராம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பேக்டரியில் கொழுந்தைப் பரப்பி வாட்டுகிற மாடி. ஜன்னலையெல்லாம் சாக்கால் அடைத்து இருட்டாக்கியிருந்தார்கள். வாடின இலை வாசனை. பெரிய துரையின் மனைவி துரைசாணியின் வெள்ளை மேசை விரிப்பைச் சுவரில் கட்டியிருந்தார்கள். தரையில் நான், என் மடியில் மகள், பக்கத்தில் அவர்.

முதலில் பத்தாம் நம்பர் மலை. நாங்கள் ஏறுகிறோம். மறுபடி ஏறுகிறோம். மூன்றாவது தடவை ஏறும்போது மாடியே கூச்சல். பிறகு கோயில். பனி. நிழல் நிழலாக ஆட்கள். திடீரென்று என் அப்பா! செத்து இரண்டு வருஷம் ஆன அப்பா, தலைப்பாகையைச் சரிசெய்து, கண்ணை இமைத்து, என்னைப் பார்க்கிறார். அம்மா "ஐயோ" என்று அலறி முகத்தை மூடிக்கொண்டாள்.

அந்த அலறல் அடங்கும் முன்னே விரிப்பு பளிச்சென்று வெளுத்தது. வெயில் வந்துவிட்டது.

அந்தப் படத்துக்குச் சத்தம் கிடையாது. பெட்டித் துரை பெட்டிக்குப் பின்னால் இருந்ததால் படத்தில் இல்லை. ஆனால் எல்லோரும் ஒரே நேரத்தில் தலையை இந்தப் பக்கம் திருப்பினார்கள். அந்த வார்த்தை விழுந்த இடம் அதுதான் என்று தெரிந்தது.

மணையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். நான்தான். சிலையாக உட்கார்ந்திருந்தேன் என்று சொன்னேனே, அந்த நான்.

அவள் கை எழுந்தது.

யாரும் அவளிடம் எதுவும் சொல்லவில்லை. பெரிய துரை இன்னும் படத்துக்குள்ளேயே வரவில்லை. அவளாகவே வலது கையைப் பிடரிக்குக் கொண்டுபோனாள். மாலையையும் சடையையும் சேர்த்து எடுத்து இடது தோள் பக்கம் ஒதுக்கினாள். தலையைக் குனிந்தாள். கழுத்து முழுசாகத் தெரிந்தது, முடிச்சு தெரிந்தது. கூடையைக் கவிழ்த்த அதே பழக்கம். கழற்ற வசதியாகக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தாள்.

அதற்கப்புறம்தான் பெரிய துரை வந்தார், அவர் வாய் அசைந்தது. வேலாயுதம் துரையைப் பார்க்கவில்லை. அவளுடைய குனிந்த கழுத்தைப் பார்த்தார். அவர் கை எழுந்து, பாதியில் நின்று, பிறகுதான் போனது. அது முடிச்சைத் தொட்டதும் அவள் தூக்கத்திலிருந்து விழித்தவள் மாதிரித் துள்ளினாள். கடித்தாள்.

மாடி அதிர்ந்தது. "கடிச்சா பாரு! ரீடேக்கு கையப் பாரு!" என்று தரையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். எல்லோரும் கடிக்காகத்தான் காத்திருந்தார்கள். அதற்கு முன்னால் ஒரு மூச்சு விடுகிற நேரம் நடந்ததை ஒருத்தரும் பார்க்கவில்லை.

நான் பார்த்தேன். எனக்கு அந்த ஞாபகமே இல்லை, சத்தியமாக இல்லை. இன்று வரை நினைத்து நினைத்துப் பார்க்கிறேன், அந்தக் கை எழுந்தது எனக்கு ஞாபகம் வரவே இல்லை. ஆனால் அது என் கை. என் வளையல்.

மெல்லப் பக்கத்தில் திரும்பினேன். விரிப்பின் வெளிச்சம் அவர் முகத்தில் பட்டுக்கொண்டிருந்தது. அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரிந்திருந்தது. அன்றைக்கே தெரிந்திருந்தது. ஏழு வருஷமாகத் தெரிந்திருந்தது. அத்தனை உப்புக்கும், அத்தனை கல்யாண வீட்டுக்கும், போன அந்த வேலைக்கும், "நீதானே முதல்ல குனிஞ்ச" என்று ஒரு வார்த்தை போதும். சொல்லவில்லை.

என் உதடு நடுங்குவதைப் பார்த்திருப்பார். விரிப்பில் வெயில் கண்ணைக் கூச வைத்துக்கொண்டிருந்தது. அவர் என் பக்கம் சாய்ந்து சொன்னார்.

"ஒரே பனியா இருக்கு புள்ள. எனக்கு ஒண்ணும் தெரியல."

எடுத்தது

அதன்பிறகு நான் அந்தக் கதையை யாருக்கும் சொல்லவில்லை. அது பெரிய காரியமா? வீட்டில் வாயை மூடினேன். ஆனால் வெளியே போய், "குனிஞ்சது நான், அவர் இல்லை" என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. துரைக்கு முன்னால் வந்ததாகச் சொல்லிக்கொண்ட தைரியம்! அவர் ரீடேக்கு வேலாயுதமாகவே வாழ்ந்தார், அப்படியே போனார். பதினாறாம் நாள் என் தாலியைக் கழற்ற வந்தபோது குனிந்தேன். முதல் தடவை குனிந்தது கண்ணுக்கு முன்னால் நின்றது.

லுணுகலைத் தம்பிக்கு ஒன்று சொல்லுகிறேன். அந்தப் பெயரைச் சொல்லி இனி யாராவது சிரித்தால், அது பொன்னம்மாளுக்கு வைக்க வேண்டிய பெயர் என்று சொல்லுங்கள். உங்கள் அப்பா இருந்தால் அவரிடமும் சொல்லுங்கள்.

இவ்வளவும் சொல்லி நிறுத்தினேன். என் மகளின் பேனா கொஞ்ச நேரம் முன்னாடியே நின்றிருந்தது. "நான் அன்னிக்கு உங்க மடியிலதானே இருந்தேன்" என்றாள். சின்ன வயதில் கூடப் படித்த பிள்ளைகள் அவளை ரீடேக்கு மகள் என்று கூப்பிட்டார்கள். ஒரு வருஷம் முழுக்க அப்பாவோடு பேசாமல் இருந்தவள் அவள்.

மூக்கை உறிஞ்சிவிட்டுக் காகிதத்தைப் பார்த்தாள்.

"அம்மா, ஊர் முழுக்கப் படிப்பாங்க. அந்தக் குனிஞ்ச எடத்த மட்டும் கொஞ்சம் வேற மாதிரி எழுதிரட்டுமா?"

"வேண்டாம்" என்றேன். "எடுத்தது எடுத்தபடியே இருக்கட்டும். தபால்ல போடு."